வெட்டிய இரண்டு பந்திகள்

அந்தக் கட்டுரையில் மொத்தம் பதினொரு பந்திகள் இருந்தன. அச்சில் வந்தவை ஒன்பது. மற்ற இரண்டையும் வெட்டியது நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியில் உதவி ஆசிரியராக இருந்தேன். போர்ச் செய்திகளை மற்றவர்கள் பார்த்தார்கள். வாரமலரில் உடல்நலத்துக்கு ஒதுக்கிய அரைப் பக்கம் என் பொறுப்பு. வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வருவதைத் தமிழில் எழுதி, தலைப்பிட்டு, இருக்கும் இடத்துக்கு ஏற்ப நறுக்கிக் கொடுப்பேன். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி அனெக்ஸில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவும் அத்தானும் வந்து என்னோடு தங்கினார்கள். மூன்று மாதம் என்று சொல்லி வந்தவர்கள். திரும்பிப் போவதற்கு வீடு இல்லை என்ற செய்தி வந்த பிறகு மூன்று மாதம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அத்தான் ஓய்வுபெற்ற தபாலதிபர். உத்தியோக காலம் முழுவதும் திணைக்களம் அனுப்பும் சுற்றுநிருபங்களோடு வாழ்ந்தவர். எந்தக் காகிதத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிப்பார். எழுதியிருப்பதைச் செய்வார். எழுதியிராததைச் செய்யமாட்டார். மருந்துப் போத்தலில் 'குலுக்கிய பின் அருந்தவும்' என்று இருந்தால், எத்தனை தரம் குலுக்குவது என்று போடவில்லையே என்பார். விளையாட்டுக்குச் சொல்வது போல இருக்கும். விளையாட்டல்ல.

அவருக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. பத்து வருடமாகச் சீனி வருத்தம். ஒழுங்கை முனையில் இருந்த டொக்டர் ஒவ்வொரு நாளும் நாற்பது நிமிடம் நடக்கச் சொன்னார். அத்தான் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து ஒரு சோடி வாங்கினார். விடிந்ததும் ரயில் பாதையோரமாகத் தெற்கே இருபது நிமிடம், திரும்பி வடக்கே இருபது நிமிடம். கொழும்பில் அவர் தானாகத் தேடிக்கொண்ட ஒரே காரியம் அது.

நகரத்தில் குண்டு வெடித்து இரண்டாம் நாள் காலை அவரைப் பிடித்தார்கள். அடையாள அட்டையும், கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டும் சேட்டுப் பையில் இருந்தன. சேட்டு வீட்டில் கொழுவியிருந்தது. அவர் பெனியனோடு போயிருந்தார். அட்டையை எடுத்துக்கொண்டு நான் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அத்தான் மர வாங்கில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். சப்பாத்துகளைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த தோலை உரித்துப் பார்த்திருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு விட்டார்கள். லேஸ் இரண்டையும் கையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஏன் கழட்டச் சொன்னவங்கள்?" என்று அக்கா கேட்டாள்.

"ஓடுறதுக்குப் போட்டதோ, நடக்கிறதுக்குப் போட்டதோ எண்டு பாத்தவங்கள்."

அன்றிலிருந்து அக்கா அவரைக் காலையில் வெளியே விடவில்லை.

அத்தான் வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினார். ஹோலில் சாப்பாட்டு மேசையையும் அலுமாரியையும் சுற்றி, சப்பாத்தோடு. முதல் நாளே அக்கா தடுத்தாள். சாமிப் படம் ஹோலில்தான் இருந்தது. அத்தான் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இனி இது றோட்டில் மிதிக்காத சப்பாத்து என்று விளங்கப்படுத்தினார். சப்பாத்து சப்பாத்துதான் என்றாள் அக்கா. இரண்டாம் நாள் கீழ்வீட்டு அன்ரி படியேறி வந்தார். வீட்டுக்காரி. தனியாக இருந்தவர்.

"தங்கச்சி, மேல என்ன, ஆமிக்காரர் பரேட் பழகினமோ?"

அத்தான் சப்பாத்தைக் கழற்றிச் சுவர்த் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நாளாந்தம் பழைய பத்திரிகைகளை வாசித்துக்கொண்டு இருந்தார். இரத்தத்தில் சீனி ஏறியது. அடுத்த பரிசோதனையில் டொக்டர், நடப்பதை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார்.

இந்த நாட்களில்தான் அந்தக் கட்டுரை என் மேசைக்கு வந்தது. சில மாதங்கள் பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் இருந்தது. வீட்டில் உடற்பயிற்சி செய்கிறவர்கள் சப்பாத்துப் போடாமல் வெறுங்காலோடு செய்வது நல்லது என்று அது சொன்னது. சப்பாத்துக்குள் பாதம் சோம்பிப்போகிறது, வெறுங்காலில் விரல்கள் தரையைப் பிடிக்கப் பழகுகின்றன, சமநிலை கூடுகிறது, புதிதாகத் தொடங்குபவர்கள் பத்து நிமிடத்தோடு தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். எங்கள் வீட்டு வழக்குக்குத் தீர்ப்பு எழுதியது போல இருந்தது. அத்தானை நினைத்துக்கொண்டுதான் மொழிபெயர்த்தேன்.

பத்தாவது பந்தி, சலரோகம் என்ற சீனி வருத்தம் உள்ளவர்கள், பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் இந்தப் பயிற்சியைச் செய்யக்கூடாது, அவர்கள் வீட்டுக்குள்ளும் காலணி இல்லாமல் நடக்கக்கூடாது என்றது. பதினோராவது, அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், அவர்களுக்குக் காயம் வலிப்பதில்லை என்றது. இரண்டையும் நான் தமிழில் எழுதினேன். 'உணர்விழப்பு' என்று போடுவதா, 'மரத்துப்போதல்' என்று போடுவதா என்று யோசித்தது நினைவிருக்கிறது. மரத்துப்போதல் என்று போட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தபோது லண்டனிலிருந்து மரண அறிவித்தல் ஒன்று வந்தது. எங்கள் பத்திரிகையில் மரண அறிவித்தலுக்கு எல்லாம் விலகி இடம் விடும். பக்கம் ஒட்டுகிறவர் தலையைத் தூக்காமல் மூன்று அங்குலம் வேண்டும் என்றார். எங்கள் தொழிலில் கீழேயிருந்துதான் வெட்டுவது. முக்கியமானதை முதலில் எழுது, குறைந்ததைக் கடைசியில் எழுது என்று நிருபர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே அதற்காகத்தான். உடல்நலக் கட்டுரை எழுதுகிறவர்கள் எச்சரிக்கையைக் கடைசியில் வைப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் விரலால் இடத்தைக் காட்டினேன். அவர் பிளேட்டால் கீறினார். இரண்டு பந்திகளும் ஒரே துண்டாகக் கழன்று அவருடைய பெருவிரலில் ஒட்டிக்கொண்டன. உதறிவிட்டார்.

அப்போது அத்தானை நினைத்தேனா என்று பிறகு பல தடவை என்னைக் கேட்டிருக்கிறேன். நினைத்தேன். அவருக்கு இந்த ஒன்பது பந்திகள் போதும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். கத்தரிக்கோலால் வெட்டி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினார். "இனி ஒருதரும் ஒண்டும் சொல்லேலாது. பேப்பரில வந்திட்டுது" என்றார். கீழே போய் அன்ரிக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வந்தார்.

முதல் நாள் பத்து நிமிடம். ஐந்தாம் பந்தியில் இருந்தபடி கூட்டிக்கொண்டு போய் ஒரு மாதத்தில் நாற்பதைத் தொட்டார். மேசையையும் அலுமாரியையும் சுற்றி எட்டு வடிவில் நடந்தார். மேசையில் மணிக்கூடு. நான் சவரம் செய்துகொண்டிருக்கையில் அவருடைய காலடி கேட்கும். இடது கால் சுத்தமாக விழும். வலது கால் சற்று இழுபடும். அன்ரி மேலே வரவில்லை. அக்கா தேவாரம் முடித்து, நடக்கிறவருக்கு ஒதுங்கி வழி விடுவாள். சீனி இறங்கியது. டொக்டர் சந்தோஷப்பட்டார். எப்படி என்று அவர் கேட்டதற்கு, வீட்டிலேயே நடக்கிறேன் என்றார் அத்தான். அவர் அங்கே போகும்போது எப்போதும் சப்பாத்தோடுதான் போவார். டொக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை.

மூன்று மாதம் அப்படிப் போனது.

அனெக்ஸில் குசினிக்கும் ஹோலுக்கும் நடுவே சுவர் இல்லை. அக்கா காலையில் அங்கே திருவலையில் உட்கார்ந்து தேங்காய் துருவுவாள். சிரட்டையிலிருந்து ஒரு சிம்பு தெறித்திருக்க வேண்டும். அத்தானின் வலது உள்ளங்காலில், விரல்களுக்குக் கீழே ஏறியிருந்தது. எத்தனை நாள் அதோடு நடந்தார் என்று தெரியாது. தரை சிவப்புச் சீமெந்து. அக்கா கிழமைக்கு ஒருமுறை சிவப்புப் பொலிஷ் போடுவாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஞாயிறு நான் வாரமலரைத் தரையில் விரித்து வாசித்துக்கொண்டிருந்தேன். அத்தான் நடந்து வந்து அதன் ஓரத்தில் மிதித்துவிட்டுப் போனார். தாளில் கபில நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. அடுத்த சுற்றில் இன்னொன்று.

"அத்தான், காலைக் காட்டுங்கோ."

கதிரையில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பினார். எங்களைவிட அவர்தான் கூட அதிசயப்பட்டார். வேறொருவருடைய காலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

டொக்டர் சிம்பை இடுக்கியால் எடுத்து ஒரு தட்டத்தில் போட்டார். வெட்டிய நகத்தின் அளவு. காயம் அதைப்போல எத்தனையோ மடங்கு. மருந்து கட்டி, மாத்திரை கொடுத்து, காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். மூன்றாம் நாள் விடியக் காய்ச்சல் வந்தது. அன்று எங்கள் ஒழுங்கையில் சுற்றிவளைப்பு. பதிவில் பெயர் உள்ள ஆண்கள் எல்லோரும் வெளியே வந்து வரிசையில் நிற்க வேண்டும். அத்தானும் நின்றார், ஒரு காலில் செருப்பு, மற்றக் காலில் கட்டு. முறை வந்ததும் அட்டையையும் துண்டையும் சேர்த்து நீட்டினார். இந்தமுறை எல்லாம் சரியாக இருந்தது. பதினொரு மணிக்கு விட்டார்கள். ஓட்டோ பிடித்துக் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஓர் இளம் பெண் டொக்டர் ஆங்கிலத்தில் கேட்டார், வெறுங்காலோடு நடக்கிறவரா என்று. நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"வீட்டுக்குள்ள மட்டும்தான். வெளியில ஒரு நாளும் இல்லை" என்றாள் அக்கா, குற்றச்சாட்டை மறுப்பது போல.

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டார்.

முதலில் இரண்டு விரல்கள். அது போதவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முதல் நாள் பின்னேரம் நான் போனபோது அத்தான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையெழுத்து வாங்கும் படிவத்தை முழுக்க வாசித்து முடித்திருந்தார். தமிழ்ப் படிவம் இல்லாததால் ஆங்கிலத்தில் வாசித்தார். பிறகு, பேச்சோடு பேச்சாக, சொன்னார்.

"அந்தக் கட்டுரையை நான் வடிவா வாசிச்சனான் தம்பி. ஒரு சுற்றுநிருபம் எண்டால் கடைசியில விலக்கு எண்டு ஒண்டு இருக்கும், இன்னாருக்கு இது பொருந்தாது எண்டு. இதில இருக்கேல்லை. அப்ப எல்லாருக்கும் எண்டுதானே?"

கேள்வியாகத்தான் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சாப்பாடு வந்தது. நான் அவருடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு நிரப்பப் போனேன். திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார்.

வெளியே வாங்கில் அக்கா இருந்தாள். திருவலையை அன்ரியிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"என்ர கையாலதான் போச்சு. ஒழுங்காக் கூட்டியிருந்தா இது வராது."

"அப்பிடிச் சொல்லாதையுங்கோ அக்கா" என்றேன்.

வேறு எதுவும் நான் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. கால் போன பிறகு, சொல்வதால் எதுவும் திரும்பி வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரிதான். ஆனால் அக்கா பிறகு எந்த நாளும் வீட்டில் தேங்காய் துருவவில்லை. கடையில் தேங்காய்ப் பால்மாப் பைக்கற் வாங்கிக் கரைத்துச் சொதி வைத்தாள். காலையும் மாலையும் தும்புத்தடியால் கூட்டிவிட்டு, முழங்காலில் நின்று உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்ப்பாள். அதை நான் பார்த்துக்கொண்டு அலுவலகத்துக்கு வெளிக்கிடுவேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, மிச்சக் கால் இனி வீட்டுக்குள்ளும் வெறுங்காலாக இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று அக்கா தட்டிலிருந்து இடது சப்பாத்தை எடுத்தாள். சாமிப் படத்துக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னாலேயே குந்தியிருந்து அவருக்கு அதைப் போட்டு, லேஸ் கட்டினாள். வலது சப்பாத்து தட்டில் தனியாக இருந்தது. அதை எறியவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஒற்றைச் சப்பாத்தை யாருக்குக் கொடுப்பது.

ஆறு கிழமை கழித்து அலுவலகத்துக்கு ஒரு வாசகர் கடிதம் வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருப்பவர். வயது அறுபத்திரண்டு. பதினொரு வருடமாகச் சலரோகம். வெளியே போனால் பிடிக்கிறார்கள் என்பதால் அறைக்குள்ளேயே நடக்கிறார். எங்கள் கட்டுரை தன்னைப் போன்றவர்களுக்கு வரப்பிரசாதம் என்று எழுதியிருந்தார். இன்னும் இப்படிப் பல பிரசுரிக்கும்படி கேட்டிருந்தார். நடுவில் ஒரு வரி: 'முன்பு பாதங்களில் இருந்த எரிவு இப்போது அறவே இல்லை.' அந்த வரியை நாலு தரம் வாசித்தேன். எரிவு ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். மரத்துப்போதல்: நான் மொழிபெயர்த்த சொல்.

வாரமலருக்குப் பொறுப்பானவரிடம் போனேன். விடுபட்ட இரண்டு பந்திகளையும் பெட்டி கட்டிப் போட வேண்டும் என்றேன். கெட்ட மனிதரல்ல.

"ஆர் கேட்டது?" என்றார்.

"ஒருதரும் கேக்கேல்லை."

"அப்ப விடும். பிழைதிருத்தம் போட்டாத்தான் பிழை விட்டது தெரியவரும். சலரோகத்தைப் பற்றித் தனியா ஒண்டு எழுதித் தாரும், போடுவம்."

எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் கடதாசித் தட்டுப்பாட்டில் வாரமலரின் பக்கங்களைக் குறைத்தார்கள். முதலில் போனது உடல்நலப் பக்கம்.

எழுத்துப்பிரதிகளைக் குத்தி வைக்கும் ஆணியில் பழைய தாள்கள் இன்னும் இருந்தன. என்னுடையதைத் தேடி எடுத்தேன். இரண்டு பந்திகளையும் அப்படியே ஒரு கடிதத்தில் பிரதி செய்து கொட்டாஞ்சேனைக்காரருக்கு எழுதினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'இவற்றை வெட்டியவன் நான். என் வீட்டிலேயே ஒருவருக்கு இதனால் கால் போயிற்று.' அந்த வரியை நான் எழுதியது அந்த ஒரு தடவைதான். அலுவலகத்துக்கு வரும் கடிதங்கள் தவறுவதால் உறையின் பின்புறத்தில் வீட்டு விலாசத்தைப் போட்டேன்.

நேரில் போயிருக்கலாம். இரண்டு பஸ். வழியில் சோதனைச் சாவடிகள் நாலோ ஐந்தோ. அலுவலகத்துக்குப் போகவும் சாவடிகளைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

மூன்று கிழமை கழிந்து ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது அத்தான் படிவாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே வரும் கடிதங்களை அன்ரி மேலே அனுப்புவார். அத்தான் அவற்றை அளவு வாரியாக அடுக்கி வைப்பார். அன்று ஒன்றே ஒன்று இருந்தது. மடியில் வைத்திருந்தார்.

"உன்ர கடிதம் ஒண்டு திரும்பி வந்திருக்கு தம்பி."

கை நீட்டினேன். அவர் உடனே தரவில்லை. முன்பக்கத்தைக் காட்டினார்.

"தபால்காரன் வடிவா எழுதேல்லை. 'இல்லை' எண்டு மட்டும் போட்டிருக்கிறான். செத்துப்போனதோ, விட்டிட்டுப் போனதோ எண்டு எழுதவேணும். எங்கட காலத்தில ரண்டுதான் இருந்தது. இப்ப மூண்டாவது ஒண்டும் வேணும்போல."

அக்கா உள்ளேயிருந்து, பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றாள். அத்தான் அதற்குத் தலையை ஆட்டினார்.

"முக்கியமான கடிதமோ?"

"ஓம் அத்தான்."

"அப்ப நீ நேர போயிருக்கலாம்."

உறையைத் திருப்பி ஒட்டிய இடத்தைப் பெருவிரலால் தடவிக் காட்டினார். "திறக்கேல்லை. திரும்பி வந்த கடிதத்தைத் திறக்கிறதுக்கு அனுப்பினவனுக்குத்தான் உரிமை." பிறகு தந்தார். அவர் மடியில் இருந்த சூடு உறையில் இருந்தது.

இரண்டு ஊன்றுகோல்களையும் அக்குளில் கொடுத்து எழுந்தார். ஹோலுக்குப் போய் அலுமாரியைத் திறந்தார். கதவின் உட்புறத்தில் கட்டுரை மஞ்சளாகியிருந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கிட்டப் போய், ஐந்தாம் பந்தியில் விரலை வைத்து வாசித்தார்.

"பத்து நிமிசம் எண்டிருக்கு. திரும்பத் தொடங்கிறவனும் புதுசாத் தொடங்கிறவன்தானே?"

அக்கா மணிக்கூட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தரையை ஒருமுறை கையால் தடவிவிட்டு ஒதுங்கினாள். அத்தான் மேசையைச் சுற்றத் தொடங்கினார். நான் உறையை மடித்துச் சேட்டுப் பையில், அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.